பட்டதாரிக்கும் வார்ட்டின் கதவு திறக்கட்டும்

உச்சமுனையில் இரவு நேரம் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் முதலில் போட்டையும் எண்ணெயையும் தேட வேண்டும். கல்பிட்டிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணல் தரை அது. மீன்பிடியும் கருவாடும்தான் சீவியம். நோயாளியைக் கல்பிட்டியில் கரையேற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முடியாத வருத்தமென்றால் பாலாவிச் சந்தி வரை நாற்பது கிலோமீற்றர் அளவு தரைவழி, பிறகு புத்தளம். மே மாதம் தொடங்கும் சோளகக் காற்று செப்டெம்பர் வரை ஓயாது. அந்த மாதங்களில் படகோட்டத் தெரிந்தவனும் ஒருமுறை யோசித்துத்தான் இறங்குவான்.

இப்படிப்பட்ட ஊர்களில் டொக்டருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் நம்பியிருப்பது தாதியரைத்தான். வார்ட்டில் இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்தில் இருப்பவர் அவர். இந்த வாரம் தாதியர் தொழிலைப் பற்றி, அதிலும் வேறு துறையில் பட்டம் பெற்றுவிட்டு அந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் முன்பு படிப்பித்த பிள்ளை ஒருத்தி அண்மையில் என்னைப் பார்க்க வந்திருந்தாள். உச்சமுனையில் பிறந்து, கல்பிட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்து, புவியியலில் பட்டம் வாங்கியவள். இப்போது ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவளுடைய அப்பாவின் காலில் திருக்கை முள் குத்தியது. சீனி வருத்தக்காரர் என்பதால் புண் ஆறவில்லை. வார்ட்டில் நெடுநாள் கிடந்தார். விடுமுறை எடுத்து அவரோடு நின்றவள் இவள்தான்.

“மிஸ்ஸி புண்ணைக் கழுவிக் கட்டுறதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு நின்றன் ரீச்சர். முதல் நாள் எனக்குத் தலை சுற்றினது. பிறகு, நிறம் மாறியிருக்கா, மணம் இருக்கா என்று நானே பார்க்கத் தொடங்கினன். இனி நான் நேர்ஸிங் படிக்க ஏலுமா?”

“உயர்தரத்தில் என்ன பாடம் மகள்?”

“கலைப் பிரிவு, ரீச்சர்.”

அவளுக்கு இன்றைக்குச் சொல்லக்கூடிய பதில் கசப்பானது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அநுராதபுரம், குருநாகல் என்று நாட்டின் பல பாகங்களிலும் இருக்கின்றன. மூன்று வருடப் பயிற்சி. படிக்கும் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. ஆனால் வர்த்தமானியில் வரும் அறிவித்தல் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களைத்தான் கேட்கிறது. வயதெல்லையும் இருபதுகளோடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கவும் உயிரியல் பிரிவுப் பெறுபேறு வேண்டும். கையில் உள்ள பட்டச் சான்றிதழ் இந்த இரண்டு வாசலிலும் செல்லாது.

ஏற்கனவே தாதியாக இருப்பவருக்கு மேலே போக வழி இருக்கிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1990களிலிருந்தே சேவையில் உள்ள தாதியருக்கு இளமாணிப் பட்டம் கொடுத்து வருகிறது. கடமையும் குடும்பமும் சுமந்துகொண்டு படித்துப் பட்டதாரியான தாதியர் நம்மிடையே ஏராளம். ஆக, தாதி பட்டதாரியாகலாம். பட்டதாரி தன் பட்டத்தை வைத்துத் தாதியாக முடியாது. இந்த ஒருவழிப் பாதையை இருவழியாக்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

கலைப் பிரிவை அந்தப் பிள்ளை ஏன் எடுத்தாள் என்று கேட்பவர்கள் நமது பாடசாலை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளை 1ஏபி என்றும், உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவற்றை 1சி என்றும் வகுத்திருக்கிறார்கள். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் நகரப் பாடசாலைகளில்தான் நிலைக்கின்றன. உச்சமுனையில் பிறந்த பிள்ளை சாதாரண தரம் முடிப்பதற்கே வீட்டை விட்டு வந்து தங்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் விஞ்ஞானம் படிக்கப் புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ விடுதிக் காசும் டியூஷன் காசும் கட்ட, கரைவலை இழுக்கும் தகப்பனால் எப்படி முடியும்? கிடைத்த பாடத்தைப் படித்தாள். நன்றாகப் படித்துப் பல்கலைக்கழகமும் போனாள். பதினாறு வயதில் பக்கத்துப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருந்தது என்பதை வைத்து, இருபத்தேழு வயதுப் பெண்ணின் தகுதியை அளப்பது நியாயமாகாது.

இனி அந்தப் பட்டத்துக்கு நாடு என்ன வேலை வைத்திருக்கிறது என்றும் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு அரசாங்கம் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். பிறகு பெருந்தொகையானோர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பிரதேச செயலகங்களுக்கும் திணைக்களங்களுக்கும் போனார்கள். அவர்களில் மனம் வைத்து உழைப்போரை நான் அறிவேன். ஆனால் செய்வதற்கு வேலை போதாமல், வெறுமனே வரவேட்டில் கையொப்பம் வைத்துவிட்டு நாளைக் கழிக்கும் வேதனையைச் சொல்லி அழுதவர்களையும் அறிவேன். மறுபக்கம், 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்களும் தாதியரும் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போனார்கள். ஒரே அரசாங்கத்தின் ஒரு கட்டடத்தில் வேலையில்லாத பட்டதாரி, இன்னொரு கட்டடத்தில் ஓய்வில்லாத தாதி. இருவருக்கும் இடையில் ஒரு பாலம் கட்ட யாருக்கும் தோன்றவில்லையா?

உலகத்துக்கு இது புதிய யோசனையல்ல. நூறு வருடத்துக்கு முன்னரே செய்து பார்த்திருக்கிறார்கள். 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது, தாதியர் போதவில்லை. 1918ஆம் ஆண்டு கோடையில் நியூயோர்க் மாநிலத்திலுள்ள வாஸர் கல்லூரி தன் வளாகத்தைப் பயிற்சி முகாமாக மாற்றியது. வெவ்வேறு கல்லூரிகளில் வெவ்வேறு பாடங்களில் பட்டம் பெற்ற நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே வந்தார்கள். அடிப்படை விஞ்ஞானப் பாடங்களையும் தாதியியலின் ஆரம்பப் பாடங்களையும் பன்னிரண்டு வாரங்களில் கற்றார்கள். பிறகு வைத்தியசாலைகளுக்குப் போய் இரண்டு வருடங்களுக்கு மேல் வார்ட்டில் பயின்றார்கள். பட்டம் பெற்றவர் என்பதால் வழமையான பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். முகாமை நடத்தியவர் ஹேர்பர்ட் மில்ஸ் என்ற பொருளியல் பேராசிரியர்.

அந்த முகாமில் படித்த ஒருவர் கத்தரின் டென்ஸ்ஃபோர்ட். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முதுமாணிப் பட்டம் பெற்றுப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்தவர். பின்னாளில் மினசோட்டா பல்கலைக்கழகத் தாதியர் பள்ளியை 1930இலிருந்து 1959 வரை தலைமை தாங்கி நடத்தினார். அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தலைவியாகவும் இருந்தார். வரலாறு படித்ததால் அவர் தாதியியலில் ஒரு படியும் பின்தங்கவில்லை.

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் இன்னொருவர். 1938இல் ஒக்ஸ்ஃபோர்டில் அரசியல், தத்துவம், பொருளியல் படிக்கத் தொடங்கியவர். போர் வந்ததும் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் தாதியாகப் பயின்றார். முதுகு வருத்தம் அவரை வார்ட்டில் நீடிக்க விடவில்லை. பட்டத்தை முடித்து, வைத்தியசாலைச் சமூக சேவகியாகி, பிறகு மருத்துவமும் படித்து 1957இல் டொக்டரானார். 1967இல் அவர் தொடங்கிய சென். கிறிஸ்தோபர் இல்லம்தான், சாகும் தறுவாயில் உள்ளவர்களின் வலியைத் தணிக்கும் இன்றைய பராமரிப்பு முறைக்கு வித்திட்டது. நோயாளியின் வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை. குடும்பக் கவலையும் மனத் துயரமும் ஆன்மீகத் தவிப்பும் அதில் கலந்திருக்கின்றன என்பது அவருடைய போதனை. பல துறைகளில் கால் வைத்து வந்தவருக்கு அந்த முழுமை கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

இன்றைக்கு இது போர்க்கால ஏற்பாடாக இல்லாமல் நிரந்தரக் கல்வி முறையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1971இல் சென். லூயிஸ் பல்கலைக்கழகம் வேறு துறைப் பட்டதாரிகளுக்கெனத் துரிதத் தாதியியல் கற்கையைத் தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் டொரன்டோவில், அந்நகரப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் இளமாணிக் கற்கை ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு உரியது. காலம் இரண்டு வருடம். முன்பு படித்தது எந்தத் துறையாகவும் இருக்கலாம், ஆனால் உடற்றொழிலியல், புள்ளிவிபரவியல் போன்ற சில பாடங்களை முடித்துவிட்டு வர வேண்டும். பிரித்தானியாவில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கு இரண்டு வருட முதுமாணி வழி இருக்கிறது. முன்னைய கல்வியையும் அனுபவத்தையும் கணக்கிலெடுத்துப் பயிற்சியில் பாதி வரை கழிக்க அங்குள்ள தாதியர் பேரவை இடம் கொடுக்கிறது. சிட்னியிலும் பட்டதாரிகளுக்கு இப்படியொரு வழி உண்டு. சட்டம் படித்தவர், வங்கியில் இருந்தவர், இசை கற்றவர் எல்லோரும் அந்த வழியால் வார்ட்டுக்கு வருகிறார்கள்.

அயலிலுள்ள தமிழ்நாட்டில் இவ்வளவு வசதி இல்லை. பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு அங்கும் உயிரியல் வேண்டும். ஆனாலும் மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளோமாவுக்குக் கலைப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களும் சேர விதி இருக்கிறது. முழுப் படிப்பையும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இருந்தாலும் கதவு பூட்டப்படவில்லை.

“விஞ்ஞானம் படிக்காதவர்கள் ஊசி போடுவதா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நோயாளியின் உயிரைப் பற்றிய கவலையில் எழும் கேள்வி என்பதால் அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். தாதியர் வேலைக்கு விஞ்ஞானம் அவசியம். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் அது கற்றுக்கொள்ள முடியாத விஞ்ஞானமல்ல. ஓர் உதாரணம் பாருங்கள். ஐந்நூறு மில்லிலீற்றர் சேலைனை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றும்படி டொக்டர் எழுதுகிறார். கையில் உள்ள குழாயில் ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி. நிமிடத்துக்கு எத்தனை துளி விழ வேண்டும்? ஐந்நூறை இருபதால் பெருக்கினால் பத்தாயிரம் துளி. நான்கு மணித்தியாலம் இருநூற்று நாற்பது நிமிடம். பிரித்தால் ஏறக்குறைய நாற்பத்திரண்டு. சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடைந்த எந்தப் பிள்ளையும் இதைச் செய்யும். இருதயம் பலவீனமான ஒருவருக்கு அதே சேலைனை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோர்க்கும் என்பதையும், அதற்கு முதல் அறிகுறி என்ன என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆய்வுக்கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கிய ஒருத்திக்கு இதைக் கற்கும் மூளை இல்லையென்று யார் சொல்வது?

கலைப் பட்டதாரி கொண்டுவரும் பலமும் இருக்கிறது. நமது கரையில் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டர் கட்டி இறங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழியாகும். மூட்டு வலிக்கும், கால் மரத்துப்போகும், நிரந்தரமாகவே நடக்க முடியாமலும் போகலாம். அப்படி ஒருவன் கால் வலியென்று வைத்தியசாலைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தொழில் பறிபோகுமோ என்ற பயத்தில் அவன் முழு விபரத்தையும் சொல்லமாட்டான். கரையில் பிறந்த தாதி கேட்பாள்: “எத்தனை பாகம் இறங்கினாய் தம்பி? இன்றைக்கு எத்தனை சிலிண்டர் முடித்தாய்? மேலே வரும்போது எங்கேயாவது நின்று வந்தாயா?” அந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. புவியியல் படித்தவளுக்கு ஊரின் தொழிலும் காற்றும் தெரியும். சமூகவியல் படித்தவளுக்குக் குடும்பத்தில் யாரிடம் பேசினால் மருந்து ஒழுங்காகப் போகும் என்று தெரியும்.

மொழியும் அப்படித்தான். புத்தளம் மாவட்டம் சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் இடம். சிங்களம் மட்டும் தெரிந்த தாதியும் தமிழ் மட்டும் தெரிந்த கிழவியும் கையால் பேசிக்கொள்ளும் காட்சியை வெவ்வேறு வைத்தியசாலைகளில் நான் பார்த்திருக்கிறேன். தாதியிடம் அன்பு குறைவில்லை. ஆனால் “நெஞ்சு எரியுது” என்பதற்கும் “நெஞ்சை அழுத்துது” என்பதற்கும் உள்ள வித்தியாசம் சைகையில் வராது. ஒன்று வயிற்றுப் புளிப்பாக இருக்கலாம், மற்றது மாரடைப்பாக இருக்கலாம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கையாளக்கூடிய பட்டதாரிகள் நமது கரையில் அலுவலகக் கதிரைகளில் இருக்கிறார்கள். நோயாளிக்கு அவர்கள் எவ்வளவு தேவை!

பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறதே என்று தயங்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். உடம்பைப் பற்றிய அறிவு தமிழில் ஏறாது என்ற பேச்சு அன்றே பொய்யாகிவிட்டது. முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலப் பெயரை மனதில் பதித்துக்கொள்ளும் பிள்ளை தடுமாற மாட்டாள்.

ஆகவே சுகாதார அமைச்சுக்கும் கல்வியாளர்களுக்கும் என் யோசனையை வெளிப்படையாக வைக்கிறேன். எந்தத் துறையிலும் பட்டம் பெற்றவர்களுக்கு முதலில் ஆறு மாத அடிப்படைக் கற்கை ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள்: உடற்கூறு, உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், அடிப்படை இரசாயனம், மருந்துக் கணக்கு. அதன் முடிவில் கண்டிப்பான பரீட்சை வையுங்கள். சித்தியடைபவர்களை மட்டும் இரண்டு அல்லது இரண்டரை வருடத் தாதியர் பயிற்சிக்கு எடுங்கள். வார்ட்டில் பயிலும் மணித்தியாலங்களில் ஒன்றையும் குறைக்க வேண்டாம். 1988இன் சட்டத்தால் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவை எல்லோருக்கும் உள்ள அதே அளவுகோலால் அவர்களையும் பதிவு செய்யட்டும். ஏற்கனவே அரச சேவையில் உள்ளவர்களுக்குச் சம்பளத்தோடு கல்வி விடுமுறை கொடுங்கள். அதற்கு ஈடாக, பயிற்சி முடிந்ததும் சொந்த மாவட்டத்தில் குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்ய உடன்படிக்கை எழுதி வாங்குங்கள். படித்ததும் வெளிநாடு போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு இதுதான் மருந்து. தாயும் தகப்பனும் கடலும் ஊரில் இருக்க, நிரந்தர உத்தியோகமும் உள்ள முப்பது வயதுப் பெண்ணுக்கு, இருபது வயதுப் பிள்ளையை விட ஊரில் தங்குவதற்குக் காரணம் அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறக்குறைய 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருக்கிறார்கள். இன்னும் 58 இலட்சம் பேர் தேவை. பணக்கார நாடுகள் அந்தக் குறையை நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து நிரப்பிக்கொள்கின்றன. போகிறவரைத் தடுக்க முடியாது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. வருகிறவருக்கு வழி திறப்பதாவது நம் கையில் இருக்கிறது.

பாதை மாற நினைக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள். அரச விதி மாறும்வரை காத்திருந்து காலத்தைப் போக்காதீர்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவம் கிடைக்காமல் விவசாயமோ நீர்வாழ் உயிரின வளர்ப்போ படித்தவராக இருந்து வயதும் இருந்தால், அடுத்த வர்த்தமானிக்கே விண்ணப்பியுங்கள். உங்கள் உயர்தரப் பெறுபேற்றை அது ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். கலைப் பிரிவினர் கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகள் நடத்தும் பயிற்சிகளின் நிபந்தனைகளை விசாரியுங்கள். ஆனால் காசு கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழைக் கொண்டு தாதியர் பேரவையில் பதிய முடியுமா என்று பேரவையிடமே எழுத்தில் கேளுங்கள். பதிவு கிடைக்காத சான்றிதழ்களை விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தொழிலைப் பற்றியும் தெளிவாக இருங்கள். இரவு டியூட்டி உண்டு. பெருநாளன்றும் திருநாளன்றும் வேலை உண்டு. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். மலமும் சலமும் சீழும் அள்ள வேண்டும். நீங்கள் பராமரித்தவர் விடியும்போது இல்லாமல் போவார். அடுத்த கட்டிலில் ஒருவர் தண்ணீர் கேட்பார். உங்களைவிட ஏழு வயது இளையவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்து வேலை சொல்லித் தருவார். பணிவோடு கற்க வேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகும் மனம் அங்கேதான் நிற்கிறதென்றால், உங்களுக்குரிய தொழில் அதுதான்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். “பட்டம் படித்துவிட்டு மலச்சட்டி தூக்கவா போகிறாய்?” என்று கேட்டுப் பிள்ளையின் மனதை உடைக்காதீர்கள். நமக்கு வருத்தம் வந்த நாளில் நமது மானத்தைக் காத்தது அந்தச் சட்டியைத் தூக்கிய கைதான். அந்தக் கை படித்த கையாகவும் இருந்தால் நோயாளிக்கு அது வரம்.

உச்சமுனைப் பிள்ளையிடம் விண்ணப்பக் கடிதம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறேன். இதே ஆசை உள்ள பட்டதாரிகள் ஒவ்வொருவரும் தங்கள் பெயர், பட்டம், உயர்தரப் பாடங்கள், மாவட்டம், தெரிந்த மொழிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் சுகாதார அமைச்சின் செயலாளருக்கும் எழுதுங்கள். கோரிக்கை ஒரு வரியில் இருக்கட்டும்: எங்களைப் பரீட்சித்துப் பாருங்கள், தகுதியிருந்தால் பயிற்சி தாருங்கள்.